டோக்கன்களும் பாத்திரங்களும்

ஒரு நாவலில் குறியீடுகள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது விமர்சனமாகாது. அவை எதையெதைக் குறிக்கின்றன என்று பட்டியல் போடுவதும் விமர்சனமாகாது. இதைத் திரும்பவும் எழுத வேண்டியிருப்பது அலுப்பாகத்தான் இருக்கிறது. டோல்கீனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' பற்றி யார் பேச ஆரம்பித்தாலும், வகுப்பறைக் குறிப்பானாலும் சரி, இலக்கியக் கூட்டத்து உரையானாலும் சரி, ஐந்தாவது நிமிஷத்தில் 'தளராத உறுதியின் சின்னங்கள்' என்ற இடத்தில் வந்து நின்றுவிடுகிறது. லெம்பாஸ் ரொட்டி என்றால் நம்பிக்கை. கோண்டோரின் வெள்ளை மரம் என்றால் மீண்டெழுதல். கலாட்ரியலின் குப்பி என்றால் இருளில் ஒளி. மோர்டோர் வானத்து ஒற்றை நட்சத்திரம் என்றால் அழியாத நன்மை. ஸாம் ஊருக்குக் கொண்டுவரும் மண்பெட்டி என்றால் புதுவாழ்வு. ஐந்து சின்னம், ஐந்து அர்த்தம், கைதட்டல், காப்பி.

பட்டியலில் தப்பு ஒன்றும் இல்லை. தொல்லையே அதுதான். தப்பாக இருந்தால் திருத்திவிட்டுப் போகலாம். சரியாக இருந்துகொண்டு, நாவலில் நடக்கும் மிக முக்கியமான ஒரு காரியத்தை அது மறைத்துவிடுகிறது. தளராத உறுதி இந்த நாவலில் கடைசியில் தளர்ந்துவிடுகிறது என்பதே அந்தக் காரியம். அதைப் பார்க்காமல் சின்னங்களை எண்ணிக்கொண்டிருப்பது, இறந்தவனின் சட்டைப் பொத்தான்களை எண்ணுவது மாதிரி.

வங்கிக் கவுண்டர்களில் ஒரு காலத்தில் பித்தளை டோக்கன் உண்டு. காசோலையை நீட்டினால் எண் பொறித்த வில்லை ஒன்று கையில் கிடைக்கும். எண்ணைக் கூப்பிட்டதும் அதைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போக வேண்டியது. டோக்கனின் மேல் யாருக்கும் பிரியம் கிடையாது. அதன் எடை, நிறம், தேய்ந்துபோன விளிம்பு எதுவும் கணக்கில் வராது. பணம் கைக்கு வந்தவுடன் அது போய்விட வேண்டும். நம் குறியீட்டு அன்பர்கள் ஒரு படைப்பில் வரும் பொருள்களை இப்படித்தான் நடத்துகிறார்கள். ரொட்டியைக் கொடு, 'நம்பிக்கை'யை வாங்கிக்கொள். மரத்தைக் கொடு, 'மீட்சி'யை வாங்கிக்கொள். பரிவர்த்தனை முடிந்ததும் ரொட்டியும் இல்லை, மரமும் இல்லை. கையில் மிஞ்சியிருப்பது நாவலைப் படிக்காமலே எந்தக் காலண்டரிலும் கிடைத்திருக்கக்கூடிய ஒரு வாசகம்.

1966-ல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் டோல்கீன் உருவகக் கதை தனக்குப் பிடிக்காது என்று சொல்லியிருக்கிறார். ஆசிரியன் ஒரு அர்த்தத்தைத் திணிப்பது வேறு, வாசகன் தன் அனுபவத்தோடு பொருத்திப் பார்ப்பது வேறு, பின்னதில் சுதந்திரம் வாசகனிடம் இருக்கிறது என்பது அவர் கட்சி. இதை நான் சாட்சியாகக் கூப்பிடவில்லை. ஆசிரியர்கள் தங்கள் எழுத்தைப் பற்றிச் சொல்வதில் பாதி வக்கீல் வாதம். சாட்சி நாவலுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஐந்து பொருள்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, மாற்றிக் காசாக்காமல், அவை என்ன செய்கின்றன என்று மட்டும் பார்ப்போம்.

முதலில் லெம்பாஸ். லோரியென் வனத்தில் கொடுத்தனுப்பும் கட்டுச்சோறு. இலையில் மடித்தது. ஒரு துண்டு தின்றால் நாள் முழுக்க நடக்கலாம். கால்லம் வாயில் வைக்க முடியாமல் துப்புகிறான். இதெல்லாம் பட்டியல்காரருக்குத் தெரியும். அவர் விட்டுவிடுவது, இந்த ரொட்டி எண்ணிக்கைக்கு உட்பட்டது என்பதை. மோர்டோருக்குள் அது உடம்பின் பசியை ஆற்றுவதில்லை. மன உறுதிக்குத் தீனி போடுகிறது, ஆனால் ஸாமின் மனம் சாதாரண ரொட்டிக்கும் கறிக்கும் ஏங்கிக்கொண்டே இருக்கிறது. எரிமலையை நெருங்கும் கட்டத்தில் ஸாம் மிச்சத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறான். போய்ச் சேர்வதற்குத்தான் காணும், திரும்பி வருவதற்கு இல்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. அதுவரை அவன் திரும்புவதைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்தவன். ஆக, 'நம்பிக்கையின் சின்னம்' என்று நாம் எழுதிவைத்திருக்கும் பொருள்தான் அவனுக்கு நம்பிக்கை தீர்ந்துவிட்டது என்ற செய்தியைச் சொல்கிறது. அதற்கப்புறம் அவனிடம் ஒரு கடினம் ஏறுகிறது. நம்பிக்கை செத்த இடத்தில் பிறந்த வலு அது. அதை 'நம்பிக்கை' என்று பெயரிட்டு அழைத்தால் நாவல் சிரமப்பட்டுச் செய்த ஒரு வித்தியாசத்தை நாம் துடைத்துவிடுகிறோம்.

இரண்டாவது, வெள்ளை மரம். பின்னிணைப்பின் காலக்கணக்குப்படி மூன்றாம் யுகம் 2872-ல் அது பட்டுப்போகிறது. கன்று எங்கும் கிடைக்கவில்லை. ராஜா திரும்பும்வரை பட்டமரத்தை அப்படியே நிற்கவிடுகிறார்கள். 3019-ல்தான் அரகார்ன் மலைச்சரிவில் ஒரு கன்றைக் காண்கிறான். நடுவில் 147 வருஷம். பட்டியல்காரருக்குக் கடைசிக் கன்று மட்டும் போதும். எனக்கு அந்த 147 வருஷம்தான் முக்கியம். அத்தனை காலமும் காவல்காரர்கள் ஒரு செத்த மரத்தைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். அந்தப் பொறுமையின் ஒரு பக்கம் விசுவாசம். இன்னொரு பக்கம் டெனதோர். அவனும் காத்திருப்பின் வாரிசுதான். காத்துக் காத்து, காவல் காப்பதே தன் சொத்து என்று ஆகிப்போய், உண்மையான ராஜா வரும் நேரத்தில் அவனை ஏற்க மனமில்லாமல் தன்னையே எரித்துக்கொள்கிறவன். ஒரே முற்றத்து மரம், ஒரே காத்திருப்பு. ஒன்றில் கன்று, இன்னொன்றில் சிதை. 'மீண்டெழுதல்' என்ற ஒற்றைச் சொல் இந்த இரண்டையும் எப்படித் தாங்கும்?

மூன்றாவது, நட்சத்திரம். ஃப்ரோடோ தூங்க, ஸாம் விழித்திருக்கும்போது மேகத்தின் கிழிசலில் அது தெரிகிறது. ஸாமுக்கு ஆறுதலாக இருக்கிறது, வாஸ்தவம். என்ன வகை ஆறுதல்? தங்களைக் காப்பாற்ற ஏதோ வருகிறது என்ற ஆறுதல் அல்ல. இந்த நிழலுக்கு எட்டாத உயரத்தில் அழகு என்று ஒன்று இருக்கிறது, தாங்கள் இருவரும் பிழைத்தாலும் செத்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. சிறிது நேரத்துக்கு அவனுடைய கதியும் அவன் எஜமானின் கதியும் அவனை உறுத்தவில்லை. காவலை மறந்து தூங்கிப்போகிறான். நம்மைப் பற்றிக் கவலையே படாத ஒன்றைப் பார்த்து நிம்மதி அடைவது கொஞ்சம் பயங்கரமான அனுபவம். அதை 'தீமையை வெல்லும் நன்மை' என்ற கோஷமாகச் சுருக்குவதற்கு ஒரு விதத் துணிச்சல் வேண்டும்.

நான்காவது, குப்பி. சிலந்தியின் குகையில் அது ஒளிவிட்டது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எரிமலையின் உள்ளறையில் ஸாம் அதையே எடுத்து நீட்டும்போது அது வெளிறிக் குளிர்ந்து கையில் கிடக்கிறது, வெளிச்சம் தரவில்லை. எந்த இடத்தில் அது மிகவும் வேண்டுமோ அந்த இடத்தில் சின்னம் வேலை செய்யவில்லை. நாவலாசிரியர் ஒரே வாக்கியத்தில் தன் குறியீட்டைத் தானே அணைத்துவிடுகிறார். இதைப் பட்டியலில் ஏன் யாரும் எழுதுவதில்லை?

ஐந்தாவதுக்கு வருமுன், பட்டியலில் இடமே கிடைக்காத ஒரு பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸாமின் சமையல் பாத்திரங்கள்.

தன் ஊரிலிருந்து அத்தனை தூரம் முதுகில் சுமந்து வந்தவை. வழியில் ஒரு நாள் அவற்றில் முயல்கறி சமைத்தான், உருளைக்கிழங்கு இல்லையே என்று அங்கலாய்த்தான். மோர்டோரின் நடுவில், சுமை தாங்காமல், வேண்டாததையெல்லாம் கழித்துவிட முடிவாகிறது. ஃப்ரோடோ கேடயத்தையும் தலைக்கவசத்தையும் வீசுகிறான். அவனுக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஸாமுக்குப் பாத்திரங்களை எறிவதுதான் கஷ்டம். கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை, பின்னால் தொடர்ந்து வரும் கால்லத்தின் கை அவற்றில் பட்டுவிடக்கூடாது. ஒரு பிளவைத் தேடிப் போய் அதற்குள் போடுகிறான். அவை உருண்டு விழும் சத்தம் அவனுக்குச் சாவுமணி மாதிரி கேட்கிறது. அந்த முயல்கறி நினைவிருக்கிறதா என்று ஃப்ரோடோவிடம் கேட்கிறான். இல்லை என்கிறான் ஃப்ரோடோ. நடந்தது தெரியும், ஆனால் ருசி, தண்ணீரின் தொடுகை, காற்றின் ஒலி, மரம், புல், பூ எதுவும் மனதில் உருவாகவில்லை.

தாங்குதல் என்றால் என்ன என்று இந்த நாவல் சொல்லும் இடம் இதுதான். இங்கே யாரும் எதையும் பெறவில்லை, கழிக்கிறார்கள். வாணலி போகிறது, பிறகு வாணலியின் நினைவும் போகிறது. ஃப்ரோடோ தன் ஊரைக் காப்பாற்றக் கிளம்பினான். காப்பாற்றிக்கொண்டு நடக்க நடக்க அந்த ஊரின் புல் எப்படி இருக்கும் என்பது அவனுக்குள் அழிகிறது. எதற்காகத் தாங்குகிறோமோ அதையே தாங்குதல் தின்கிறது. ஸாமின் பாத்திரம் எதையும் குறிக்கவில்லை, அது சமைக்க உதவும் பாத்திரம். அதனால்தான் அதன் இழப்பு நிஜமாக இருக்கிறது. டோக்கனை இழந்தால் துக்கம் வராது, வாணலியை இழந்தால் வரும்.

பிறகு எரிமலை. மோதிரத்தைச் சுமந்து வந்தவன் விளிம்பில் நின்று, அதைப் போட மறுத்து, தனக்கே சொந்தம் என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட நடை, பசி, காயம், விசுவாசம் எல்லாம் அவனை விளிம்புவரைதான் கொண்டுவந்தன. கால்லம் பாய்ந்து விரலைக் கடித்தெடுத்து, ஆனந்தத்தில் கால் தவறி விழுவதால் மோதிரம் அழிகிறது. கால்லம் ஏன் அதுவரை உயிரோடு இருந்தான்? பில்போ ஒருமுறை இரக்கப்பட்டுக் கொல்லாமல் விட்டான், ஃப்ரோடோ விட்டான், கடைசியாக மலைச்சரிவில் ஸாமும் வாளை ஓங்கிய பிறகு விட்டான். மூன்று பேரும் வெவ்வேறு காலத்தில், லாபம் பார்க்காமல் காட்டிய இரக்கம் அங்கே வேலை செய்கிறது. உறுதி தோற்ற இடத்தில் காரியம் வேறு வழியாக முடிகிறது. ஃப்ரோடோ தோற்றான் என்பதை டோல்கீன் வாசகர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒளிக்கவில்லை. அதை ஒழுக்கக் குறைவாகக் கருதக்கூடாது, அந்தப் பாரம் யாராலும் தாங்க முடியாதது என்றும் சேர்த்தே எழுதினார். 1981-ல் கடிதங்கள் தொகுப்பாக வந்துவிட்டன. அதன் பிறகும் 'தளராத உறுதி' ஜபம் நிற்கவில்லை.

இந்த மனிதருக்கு உறுதியைப் பற்றி மயக்கம் இருக்க வாய்ப்பு குறைவு. 1916-ல் ஸோம் போர்முனையில் சிக்னல் அதிகாரியாக இருந்தவர். பதுங்குகுழிக் காய்ச்சலில் அந்த நவம்பரில் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பள்ளிப் பருவ நெருங்கிய நண்பர்கள் இருவரை அந்த ஒரே வருஷத்தில் இழந்தார். ஸாமின் உருவம் அந்தப் போரில் தான் கண்ட சாதாரணச் சிப்பாய்களிடமிருந்தும் ஆர்டர்லிகளிடமிருந்தும் வந்தது என்று அவர் சொன்னதை கார்ப்பெண்டர் 1977-ல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். வாழ்க்கையைச் சாவியாக்கி நாவலைத் திறக்க நான் முயலவில்லை. அவருடைய விமர்சன எழுத்தே போதும். 1936-ல் பியோவுல்ஃப் பற்றி நிகழ்த்திய உரையில் வடக்கத்தியரின் வீரம், வெற்றியை எதிர்பாராத வீரம், அவரை ஈர்க்கிறது. தோற்றுப்போவது ஒருவனைத் தவறானவன் ஆக்கிவிடாது என்ற எண்ணம் அது. ஆனால் 1953-ல் வெளியான 'பிர்ஹ்ட்நோத்தின் வீடு திரும்பல்' வேறு கேள்வி கேட்கிறது. 991-ல் மால்டன் போரில் எதிரிகளைத் தடையில்லாமல் கடந்துவர அனுமதித்து, தன் ஆட்களோடு மாண்ட ஒரு தலைவன். அவன் சடலத்தை இரவில் தேடி எடுக்க இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் வீரகாதைகளில் ஊறிய பாடகன் மகன், மற்றவன் போரை நேரில் அறிந்த கிழட்டு விவசாயி. தலைவனின் அகந்தைக்காகத் தொண்டர்களின் உறுதி செலவழிக்கப்பட்டது என்பதை அதோடு சேர்த்து எழுதிய கட்டுரையில் டோல்கீன் கூசாமல் சொல்கிறார். தாங்குவது பெரிய குணம்தான். தாங்கச் சொன்னவன் யார் என்பது அடுத்த கேள்வி.

இப்போது ஐந்தாவது பொருள், மண்பெட்டி. இங்கே நாவலின் எதிராளிகளுக்கு ஒரு நியாயம் கொடுக்க வேண்டும். எட்மண்ட் வில்ஸன் 1956-ல் இதைக் குழந்தைப் புத்தகம் கை மீறிப்போனது என்ற தோரணையில் ஒதுக்கினார். மைக்கேல் மூர்காக் 1978-ல் தாலாட்டும் எழுத்து என்று சாடினார். இருவரும் நாவலை முழுக்கப் பார்த்தார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் மண்பெட்டி விஷயத்தில் அவர்கள் பக்கம் கொஞ்சம் பலம் இருக்கிறது. வெட்டிச் சாய்த்த மரங்களின் இடத்தில் கன்று நட்டு, ஒவ்வொரு வேரடியிலும் கலாட்ரியலின் மண்ணில் ஒரு துகள் வைக்கிறான் ஸாம். அடுத்த வசந்தத்தில், ஷயர் வருஷம் 1420-ல், இருபது வருஷ வளர்ச்சியை ஒரு வருஷம் செய்துவிடுகிறது. இது மலிவான தீர்வு. வாணலியைப் பள்ளத்தில் எறிய வைத்த ஆசிரியர் செய்யக்கூடாத சலுகை. ஐந்து சின்னங்களில் இது ஒன்றுதான் நிஜமாகவே டோக்கன்.

ஆனாலும் நாவல் சும்மா இருந்துவிடவில்லை. அதே 1420 மார்ச்சில், ஸாம் மரம் நடும் வேலையாக வெளியே போயிருக்கும்போது, பதின்மூன்றாம் தேதி, சிலந்தி கொட்டிய அதே தேதி, ஃப்ரோடோ படுக்கையில் கழுத்து மணியைப் பிடித்துக்கொண்டு பாதிப் பிரக்ஞையில் கிடக்கிறான். குடியானவன் ஒருவன் தற்செயலாகப் பார்க்கிறான். ஸாம் வரும்போது ஃப்ரோடோ தேறியிருக்கிறான், எதையும் சொல்வதில்லை. ஊர் பூக்கிறது, ஊரைக் காப்பாற்றியவன் கதவுக்குப் பின்னால் நோயில் கிடக்கிறான். ஏப்ரலில் பொன்பூ மரம் மலர்ந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள். மார்ச் பதின்மூன்றை யாரும் எழுதுவதில்லை. அடுத்த வருஷம் அவன் கப்பலேறிப் போய்விடுகிறான். ஸாமுக்குப் பதின்மூன்று குழந்தைகள், ஏழு முறை மேயர் பதவி. ஒருவன் மீண்டெழுந்தான், ஒருவன் எழவில்லை. இருவரும் ஒரே பாதையில், ஒரே ரொட்டியைத் தின்றுகொண்டு நடந்தவர்கள். மீண்டெழுவது உறுதிக்குக் கிடைக்கும் கூலி என்றால் ஃப்ரோடோவுக்கு ஏன் கிடைக்கவில்லை?

இதெல்லாம் ஒரு ஆங்கில நாவலைப் பற்றிய நுணுக்கச் சண்டை, நமக்கென்ன என்று கேட்கலாம். நமக்கு உண்டு. 'மீள்திறன்' என்ற சொல் இப்போது அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் புழங்குகிறது. ஆள் குறைவு, வேலை இரட்டிப்பு, இலக்கு மும்மடங்கு. இவற்றைக் குறைப்பது பற்றி யாரும் பேசுவதில்லை. குமாஸ்தாவின் மீள்திறனை வளர்ப்பது பற்றித்தான் பேச்சு. திரையில் பாறைப் பிளவில் முளைத்த ஒரு செடியின் படம் காட்டுவார்கள். அந்தச் செடிக்கும், வெள்ளை மரத்தைப் பற்றி நம் விமர்சகர் எழுதும் பத்திக்கும் வித்தியாசம் சொல்ல முடியுமா? இரண்டும் ஒரே கையெழுத்து. தாங்கு, நீ தாங்குவது அழகாக இருக்கிறது என்கின்றன இரண்டும். எவ்வளவு நேரம், யார் பொருட்டு, என்ன விலைக்கு என்பதைக் கேட்க இரண்டிலும் இடம் இல்லை. இலக்கியம் அந்தக் கேள்விகளைக் கேட்டு வைத்திருக்கிறது. அதை அழித்து, பாறைச் செடிப் படமாக மாற்றித் தரும் வேலையை விமர்சகன் கூலியில்லாமல் செய்கிறான்.

குறியீடு என்பதே பம்மாத்து என்று நான் சொல்லவில்லை. முச்சந்தியில் தலை உடைக்கப்பட்ட ராஜாவின் சிலை வருகிறது. தரையில் உருண்டு கிடக்கும் கல்தலையைச் சுற்றிப் படர்கொடி ஒன்று வெள்ளைப் பூக்களோடு கிரீடம் மாதிரி வளர்ந்திருக்கிறது. அஸ்தமன வெளிச்சம் ஒரு நொடி அதன்மேல் விழுகிறது, பிறகு அணைகிறது, இருட்டு. அது குறியீடுதான். ஆனால் அது கொடியாகவும் கல்லாகவும் ஒரு நொடி வெளிச்சமாகவும் இருப்பதை விட்டுக்கொடுக்கவில்லை. வெளிச்சம் அணைந்ததையும் சேர்த்துப் படிக்கிறவனுக்கே அந்தப் பூ சொந்தம். அணைந்ததை விட்டுவிட்டுப் பூவை மட்டும் பறித்துக்கொண்டு போவது களவு.

ஆகவே, அடுத்த முறை இந்த நாவலின் சின்னங்களைப் பட்டியலிட உட்காரும் அன்பர் ஆறாவது வரிசையில் ஸாமின் வாணலியையும் எழுதட்டும். எதிரே 'அர்த்தம்' என்ற கட்டத்தைக் காலியாக விடட்டும். பிறகு மேலே உள்ள ஐந்து கட்டங்களையும் இன்னொரு முறை படித்துப் பார்த்து, அடிக்க வேண்டியதை அடிக்கட்டும்.